ஆம்பர்ஃபேயா, பசே கொம்போசேயா: தமிழ்க் காதுக்கு எது எளிது?

பிரெஞ்சில் கடந்த காலத்தைச் சொல்ல இரண்டு வடிவங்கள் எப்போதும் போட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று நடந்து முடிந்ததைச் சொல்லும் பசே கொம்போசே, இன்னொன்று நடந்துகொண்டிருந்ததையும் பழக்கத்தையும் சொல்லும் ஆம்பர்ஃபே. பசே சாம்ப்ள் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது நாவல்களில் வரும், பேச்சில் வராது. கண்ணில் பட்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

வினையைத் திரிக்கும் வேலையை மட்டும் பார்த்தால் ஆம்பர்ஃபேதான் சந்தேகமில்லாமல் ஜெயிக்கும். நிகழ்காலத்தின் 'நூ' (நாங்கள்) வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இருக்கும் 'ஓன்' ஒலியை வெட்டி, அந்த இடத்தில் புது விகுதியை ஒட்டுங்கள். நூ ஃபினிஸோன் (முடிக்கிறோம்) என்றால் ஜ ஃபினிஸே. நூ ப்ரனோன் (எடுக்கிறோம்) என்றால் ஜ ப்ரனே. நிகழ்காலத்தில் முரண்டு பிடிக்கும் வினைகள்கூட இங்கே சாதுவாகிவிடும். அடங்காதது எத்ர் ('இரு' என்னும் வினை) ஒன்றுதான். அதன் 'நூ' வடிவம் சொம், அதில் வெட்ட ஓன் ஏது? அதனால் அதற்குத் தனியாக எத்தே என்று வைத்திருக்கிறார்கள்.

விகுதிகள் எழுத்தில் பயமுறுத்தும்: ஏ-ஐ-எஸ், மறுபடியும் அதே, ஏ-ஐ-டி, ஐ-ஓ-என்-எஸ், ஐ-ஈ-இஸட், ஏ-ஐ-ஈ-என்-டி. வாயில் அவ்வளவு பாடு இல்லை. ஜ (நான்), த்யு (நீ), இல் (அவன்), இல் பன்மை (அவர்கள்) ஆகிய நான்குக்கும் ஒரே 'ஏ' ஒலிதான். பேச்சில் 'நூ'வுக்குப் பதில் பெரும்பாலும் 'ஓன்' என்ற வேறு சொல்லைப் போட்டுப் பேசுவதால் அதுவும் இதே ஒலிக்குள் வந்துவிடும். தனியாக நிற்பது 'வூ' (நீங்கள்) மட்டும்.

பசே கொம்போசேவுக்கோ மனப்பாடம் வேண்டும். ப்ராந்த்ர் (எடு) ப்ரி ஆகும், வீவ்ர் (வாழ்) வேக்யு ஆகும், ஃபேர் (செய்) ஃபே ஆகும். அப்புறம் இதற்கு முன்னால் வரும் துணைவினை அவ்வாரா (வைத்திரு) எத்ரா என்று முடிவு செய்ய வேண்டும். போவது, வருவது, பிறப்பது, இறப்பது போன்ற சில வினைகள் எத்ர் பக்கம். அப்படி வந்தால் எழுவாய் பெண்பாலா என்று பார்த்து எழுத்தில் ஒரு 'ஈ' சேர்க்க வேண்டும்.

காதுக்கு மட்டும் இரண்டும் ஒரே தொல்லை. 'நான் பேசினேன்' என்பது ஜே பார்லே. 'பேசிக்கொண்டிருந்தேன்' என்பது ஜ பார்லே. கடைசி 'ஏ'யை முன்னதில் வாயைக் குறுக்கியும் பின்னதில் சற்றுத் திறந்தும் சொல்ல வேண்டும் என்பது இலக்கணம். பிரான்சின் தெற்குப் பக்கம் அந்த வித்தியாசமும் கிடையாது. ஜ-வா ஜே-வா என்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

சரி, எதை எங்கே போடுவது? ஆம்பர்ஃபேயின் சுலபமெல்லாம் இங்கே காணாமல் போகும். நம்மில் பலர் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரே வடிவம் பழக்கத்தையும் சொல்லும், ஒருமுறை நடந்ததையும் சொல்லும். அதை வைத்து யோசித்தால் பாதி இடத்தில் சறுக்கும். தமிழை வைத்து யோசித்துப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி. 'சின்ன வயதில் ஆற்றில் குளிப்போம்' என்கிறோம். நடந்தது அந்தக் காலத்தில், வினை இருப்பதோ எதிர்கால உருவில். யாரும் குழம்புவதில்லை. பழைய கதை பேசும்போது இந்தக் 'குளிப்போம்', 'போவோம்', 'திட்டுவார்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆம்பர்ஃபே போடலாம். 'கொண்டிருந்தேன்' வந்தாலும் அதேதான். 'குளித்தோம்' என்று நறுக்கென்று முடிந்தால் பெரும்பாலும் பசே கொம்போசே.

ஒரே ஒரு வினையை மாற்றிப் பாருங்கள். கான் போல் எத் அரிவே, மரீ பார்த்தே: போல் வந்தபோது மரீ கிளம்பிக்கொண்டிருந்தாள். கான் போல் எத் அரிவே, மரீ எ பார்த்தீ: போல் வந்ததும் மரீ கிளம்பிவிட்டாள். பிரெஞ்சில் 'கான்' அப்படியே இருக்கிறது, நாம்தான் 'போது'வை 'உம்' ஆக்குகிறோம். இரண்டாவதைக் கேட்டால் இருவருக்கும் ஏதோ சண்டை என்று தோன்றும், முதலாவதில் அந்த வாடையே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இன்னொன்று. இல் ஃபலே பார்த்தீர் என்றால் போகவேண்டியிருந்தது. போனார்களா என்பது தெரியாது. இல் அ ஃபல்யு பார்த்தீர் என்றால் போகவேண்டியதாகிவிட்டது, போயே ஆனார்கள். அதேபோல ஜ சவே என்றால் எனக்கு முன்பே தெரியும், ஜே ஸ்யு என்றால் அப்போதுதான் தெரியவந்தது.

தமிழ் கைவிடும் இடம் ஒன்று உண்டு. 'இருந்தேன்', 'வாழ்ந்தேன்' எல்லாம் நிலையைச் சொல்வதால் ஆம்பர்ஃபேதான் என்று கை தானாகப் போகும். ஆனால் 'லியோனில் மூன்று வருடம் வாழ்ந்தேன்' என்று கணக்கு முடித்துச் சொன்னால் ஜே வேக்யு, அதாவது பசே கொம்போசே. எவ்வளவு நீண்ட காலம் என்பது பொருட்டே இல்லை, நூறு வருடமானாலும் இதே விதி. 'அவர் வந்தபோது நான் மூன்று வருடமாக அங்கே குடியிருந்தேன்' என்றால் கணக்கு இன்னும் ஓடுகிறது. அங்கே 'வருடமாக' என்பதிலுள்ள 'ஆக'வுக்குத் தப்யுயி சேர்த்து ஆம்பர்ஃபே.

கடைசியாக, போட்டியே இல்லாமல் ஆம்பர்ஃபே தனியாக ஆளும் இடம்: நடக்காததைக் கற்பனை செய்து சொல்லும் 'சி', அதாவது நம் 'ஆல்'. 'என்னிடம் பணம் இருந்தால் வாங்குவேன்' என்பதில் சி-க்குப் பின்னால் ஜவே, அடுத்த பாதியில்தான் 'ரே' என்று முடியும் நிபந்தனை வடிவம். இரண்டு பாதியிலும் 'ரே' போடும் தவறைப் பிரெஞ்சுக் குழந்தைகளும் செய்வார்கள். 'சி'களுக்கு 'ரே'களைப் பிடிக்காது என்று அவர்களுக்குப் பள்ளியில் ஒரு வாய்பாடே உண்டு. நமக்கு அது தேவைப்படாது, 'இருந்தால்', 'போனால்' எல்லாம் இறந்தகாலத்தின் மேல் கட்டியவைதானே. சி ஓனலே ஒ சினெமா? சினிமாவுக்குப் போனால் என்ன?