கன்னு வாங்கி நடலாமா, தானா துளிர்க்கிறத காப்பாத்தலாமா?

நிலம் மொட்டையா கெடந்தா எல்லாருக்கும் உடனே தோணுறது குழி வெட்டி கன்னு நடலாம்ங்கிறதுதான். நான் சொல்றது என்னன்னா, நர்சரிக்கு போறதுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள என்ன உசுரோட இருக்குன்னு பாருங்க. வயல்ல புதர் மாதிரி தெரியுறதுல நெறைய எப்பவோ வெட்டுன மரத்தோட அடிக்கட்டை துளிர்தான், வருஷா வருஷம் ஆடு மாடு கடிச்சு, உழவுல அறுபட்டு, உயரவே முடியாம கெடக்கும்.

மேற்கு ஆப்பிரிக்காவுல நைஜர் நாட்டுல நடந்தது இதுதான். டோனி ரினாடோன்னு ஒரு ஆஸ்திரேலிய வேளாண் நிபுணர் அங்க கன்னு நட்டு நட்டு பாத்தாரு, பெரும்பாலும் காஞ்சு போச்சு. 1983-லதான் புதர்னு நெனச்சதெல்லாம் மரம்னு கவனிச்சாரு, அப்புறம் விவசாயிங்க அத வெட்டி எரிக்காம கவாத்து பண்ணி வளர விட்டாங்க, இருபது வருஷத்துக்குள்ள சுமார் 50 லட்சம் ஹெக்டேர் விவசாய நிலத்துல மரம் திரும்பி வந்துச்சு. சட்டப்படி மரம் அரசாங்கத்தோடதா இருந்த வரைக்கும் அத காப்பாத்த யாருக்கும் அக்கறை இல்ல, நடைமுறையில அந்த கெடுபிடி தளர்ந்து, வளர்க்குறது நமக்குத்தான்னு நம்பிக்கை வந்தப்புறம்தான் வேகம் புடிச்சுது.

வேலையும் பெருசா இல்ல. ஒரு கட்டையில கொத்தா துளிர் வந்தா, நேரா திடமா இருக்குற மூணு நாலு மட்டும் விட்டுட்டு மிச்சத்த அறுத்துடணும், விட்டதுலயும் கீழ்ப்பாதி பக்கக் கிளைய கழிச்சு விடணும். அறுத்தது வெறகாச்சு. வேர் ஏற்கனவே ஆழத்துல இருக்கு, தண்ணி ஊத்த வேண்டாம். நர்சரி கன்னு அப்படி இல்ல, பையில ரொம்ப நாள் இருந்ததுன்னா வேர் உள்ளயே வட்டமா சுத்திக்கும், அப்படியே நட்டா மண்ணுல சரியா எறங்காது, கோடைய தாங்குறது கஷ்டம்.

பயிருக்கு நெழல் விழுமேன்னு கேப்பீங்க. நைஜர்ல ‘காவோ’ன்னு ஒரு மரம், பயிர் நிக்கிற மழைக்காலத்துல இலைய உதிர்த்துட்டு வெயில் காலத்துல பச்சையா நிக்கும், உதிர்ந்த இலை அந்த மண்ணுக்கே உரம். எல்லா மரமும் இப்படி கெடையாது, அதனால எத விடணும்னு பாத்துதான் விடணும்.

காட்டுக்கு வந்தா வித்தியாசம் இன்னும் பெருசு. 2019-ல வந்த ஒரு ஆய்வு, காட்ட மீட்குறோம்னு நாடுங்க அறிவிச்ச பரப்புல 45 சதவீதம் வணிக மரத்தோட்டம்னு சொல்லுது, தானா வளர்ற காடு அந்தத் தோட்டத்த விட சராசரியா 40 மடங்கு கார்பன சேத்து வைக்குமாம். காரணம் சிம்பிள், தோட்டத்த பத்து வருஷத்துக்கு ஒருக்கா அறுப்பாங்க, சேந்ததெல்லாம் திரும்ப காத்துக்கே போயிடும். இத காடு வளர்ப்புன்னு கணக்கு காட்டுறது எனக்கு சுத்தமா ஒத்துக்கல.

ஆனா நடவே வேணாம்னு சொல்லல. மேல்மண்ணே அடிச்சிட்டு போன மலைச்சரிவுல எத முளைக்க விடுறது? தென் கொரியாவுல போருக்கப்புறம் மலையெல்லாம் மொட்டையா இருந்துச்சு, 1973-ல தேசிய திட்டம் போட்டு நட்டுதான் பச்சைய திரும்ப கொண்டு வந்தாங்க. பக்கத்துல விதை குடுக்க காடு இல்லாத எடம், உண்ணிச்செடி மூடிக்கிட்ட எடம், இங்கயும் சும்மா விட்டா வேலைக்கு ஆகாது, களைய எடுத்துட்டு நட்டுத்தான் ஆகணும். பெரிய விதை உள்ள மரங்களுக்கும் இதே கதை, விதைய தூக்கிட்டு போற பெரிய பறவையும் மிருகமும் இல்லன்னா அது தானா வரவே வராது, அந்த ஜாதிய மட்டும் தேடி நடுவுல நடுவுல நட்டு விட்டா போதும்.

எது பண்ணினாலும் மொத மூணு நாலு வருஷம் மேய்ச்சலும் தீயும் உள்ள வராம பாத்துக்கணும், காசு செலவு பண்ண வேண்டிய எடம் அதுதான். இயற்கையாவே புல்வெளியா இருக்குற நெலத்துல மட்டும் தயவு செஞ்சு மரம் நடாதீங்க, அதுல வாழுற பறவைக்கும் பூச்சிக்கும் நெழல் விழுந்தா எடமே இல்லாம போயிடும்.