முல்லைத்தீவுக் கடற்கரையில் சனி, ஞாயிறு: ஊருக்கு வருவோருக்கான தங்கல் விபரம்

வன்னியில் கடற்கரைப் பட்டினம் என்று சொல்லி இரண்டு இரவு தங்கக்கூடிய இடம் முல்லைத்தீவுதான். நிலாவெளி, பாசிக்குடா போல வரிசையாக ரிசோட்டுகள் இருக்கும் என்று நினைத்து வந்தால் முதல் நாளே முகம் சுருங்கும். இங்கே பெரும்பாலும் சிறு விடுதிகள், மண்டபத்தோடு சேர்ந்த தங்குமிடங்கள், வீட்டு மாடியில் ஒதுக்கிய அறைகள். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்குப் பிறகு கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். கிளிநொச்சி, மாங்குளம், வவுனியாப் பக்கத்திலிருந்து வான் பிடித்து வந்த குடும்பங்கள், ஐஸ்கிறீம் வானின் பாட்டு, கச்சான், இறால் வடை, பட்டம். கலகலப்புக்குக் குறைவில்லை. சேவைதான் முன்கூட்டிச் சொல்லி வாங்க வேண்டியது. சொல்லி வைத்தால் நன்றாகச் செய்து தருவார்கள். சொல்லாமல் போய் நின்றால் இருப்பதைத்தான் தருவார்கள்.

முதலில் காலம். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று, மழையும் அப்போதுதான். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும், கரை அரிக்கும், நந்திக்கடல் களப்பு நிரம்பும். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வருபவர்கள் கடல் குளிப்பை மறந்துவிட்டு மற்றவற்றுக்குத் திட்டமிடுவதே நல்லது. பங்குனி தொடங்கி புரட்டாதி வரை கடல் பொதுவாக அமைதி. வெளிநாட்டுப் பள்ளிகளின் ஆடி, ஆவணி விடுமுறை இதற்குள் வந்துவிடுகிறது. ஆடிக்கு இன்னொரு வசதியும் உண்டு: அந்த மாதத்தில் கல்யாணம் வைப்பது குறைவு, அதனால் விடுதி மண்டபங்களில் ஒலிபெருக்கிச் சத்தம் இருக்காது. இதை அலட்சியமாக எண்ண வேண்டாம். மண்டபத்துக்கு மேல்மாடியில் அறை கிடைத்து, கீழே சாமத்திய வீடு நடந்தால் குழந்தைகளை நித்திரையாக்கவே முடியாது.

தவிர்க்க வேண்டிய கிழமைகள் சில. வைகாசியில் ஒரு திங்கட்கிழமை வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல். அதற்கு முந்தின கிழமையே சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்பு நீரில் விளக்கெரிப்பார்கள். பொங்கலைப் பார்க்க வருவதானால் மிக முன்னதாகவே அறை சொல்லி வையுங்கள். கடற்கரையில் ஓய்வெடுக்க வருவதானால் வேறு கிழமை பாருங்கள். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள். அதையொட்டிய நாட்களில் இந்த ஊர் உல்லாசத்துக்கான இடமல்ல. இருக்கும் அறைகள் அஞ்சலிக்கு வருபவர்களுக்கு வேண்டும், பரந்தன் வீதியிலும் நெரிசல் இருக்கும். போயா விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் தெற்கிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். போயாவில் மதுபானக் கடைகள் பூட்டு என்பதையும், பியர் இல்லாமல் கடற்கரை இல்லை என்று நினைக்கும் மச்சான்மாருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அறை எடுக்கும்போது இணையத்தில் பார்த்த படத்தோடு நின்றுவிடாதீர்கள். செயலியில் வராத இடங்களும் உண்டு, வந்தாலும் டொலரில் போட்ட விலையும் நேரே கேட்ட விலையும் ஒன்றாக இருப்பதில்லை. புதன்கிழமைக்குள் தொலைபேசியில் கதையுங்கள். வெளிநாட்டு நம்பரிலிருந்து எடுப்பதைவிட ஊரிலுள்ள ஒருவர் எடுத்தால் விலை இறங்கும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் பதிவு உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். மாமாவின் பெயரில் பதிந்துவிட்டு நீங்கள் கடவுச்சீட்டோடு போய் நின்றால் வரவேற்பில் இருக்கும் தம்பி கொப்பியைப் புரட்டிக்கொண்டே இருப்பார். முற்பணத்தை ஊரில் உள்ளவர் வங்கியில் போட்டால் சிலிப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். திகதி, இரவுகளின் எண்ணிக்கை, ஆட்கள், பேசிய விலை நான்கையும் அதே இடத்தில் எழுதி, "ஓம்" என்ற பதிலையும் வாங்கி வையுங்கள்.

கேட்க வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் கேட்கலாம். "அண்ணை, ஏசி எல்லா நேரமும் போடலாமோ, இரவுக்கு மட்டுமோ? ஜெனரேட்டரில ஏசி இழுக்குமோ, இல்லாட்டி லைற்றும் ஃபானும் மட்டுமோ? அண்டைக்கு மண்டபத்தில ஏதும் விசேசமோ? டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கோ? சின்னப் பிள்ளைக்கு மேலதிக மெத்தைக்குக் காசோ?" இந்த ஐந்துக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் இடம் மற்றவற்றிலும் ஒழுங்காகத்தான் இருக்கும். "எல்லாம் இருக்கு, வாங்கோ" என்று மட்டும் சொன்னால் இன்னொரு இடத்துக்கும் எடுத்துப் பாருங்கள்.

ஏசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், புகார் அதிகம் வருவது அதில்தான். கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றருக்குள் இருக்கும் கட்டடங்களில் வெளியே பூட்டிய பகுதியின் தகடுகளை உப்புக்காற்று அரித்துவிடும். வெப்பம் வெளியே போகாது, உள்ளே காற்று வரும், குளிர் வராது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எல்லோரும் மின்சாரம் பாவிக்கும்போது வோல்டேஜ் இறங்கினால் கம்பிரசர் தொடங்காமல் "டக் டக்" என்று விட்டு விட்டு நிற்கும். அது ரிமோட்டின் பிழையல்ல. பட்டனை மாறி மாறி அமத்திப் பயனில்லை. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துப் பிறகு போட்டால் சில வேளை பிடிக்கும். ஆகவே பைகளை இறக்க முன்பே ஏசியைப் போட்டுக் கால் மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை பகல் வெயிலை இரவு பத்து மணி வரை உள்ளே விடும். மேலே இன்னொரு மாடியோ கூரையோ இருக்கும் அறையைக் கேட்டு எடுங்கள்.

இங்கே மின்சாரம் 230 வோல்ட். கனடாவிலிருந்து வருபவர்கள் தலைமயிர் நேராக்கும் கருவி, பால் சூடாக்கும் கேத்தல் போன்றவற்றின் அடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் செருகின உடனே புகையும். வடிவம் மாற்றும் அடப்டர் வோல்டேஜைக் குறைக்காது. 100–240 என்றிருக்கும் போன் சார்ஜர்களுக்குப் பயமில்லை. பழைய கட்டடங்களில் வட்ட மூன்று துளை, புதியவற்றில் லண்டன்காரருக்குப் பழக்கமான சதுர 13 அம்பியர். இரண்டுக்கும் பொருந்தும் அடப்டர் ஒன்று, நாலு துளை உள்ள நீட்டுப் பலகை ஒன்று போதும்.

கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவர். சவர்க்காரம் நுரைக்காது, தலை பிசுபிசுக்கும். குடிக்க ஐந்து லீற்றர் போத்தல்களாக வாங்கி அறையில் வையுங்கள்; வெயில் காலத்தில் ஆளுக்கு மூன்று லீற்றராவது வேண்டும். துவாயைக் கொண்டுபோவது புத்தி. இலங்கை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார அமைப்பு 2016இல் அறிவித்துவிட்டது. டெங்கு அப்படியல்ல, அந்த நுளம்பு பகலில் கடிப்பது. மழைக்குப் பிந்திய மாதங்களில் குழந்தைகளுக்குக் காலையிலேயே பூச்சு மருந்து தடவுங்கள். வலை கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

சாப்பாடுதான் முல்லைத்தீவின் பலம். நந்திக்கடல் இறால், நண்டு, கணவாய், விளைமீன், பாரை. ஆனால் விடுதிச் சமையலறை உங்களுக்காக மீன் வாங்கி வைத்துக் காத்திருப்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் காலை எட்டு மணிக்குள், இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணிக்குள் ஆட்களின் எண்ணிக்கையோடு சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இரவு எட்டுக்குப் போனால் கோழிக் கொத்தும் முட்டை ரொட்டியும்தான் மிச்சம். நண்டை எண்ணிக்கையில் பேசாதீர்கள், கிலோவில் பேசுங்கள். நிறுப்பது சுத்தம் செய்ய முன்போ பின்போ என்றும் கேளுங்கள், விலைத் தகராறு பெரும்பாலும் அங்கேதான் வரும். ஞாயிறு மத்தியானம் மீன் வேண்டுமென்றால் சனியன்றே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்: கத்தோலிக்கத் தொழிலாளர் பலர் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. கரைவலை இழுக்கும் காலமானால் காலையில் மீனவர் வாடிப் பக்கம் போய் நேரடியாகவே வாங்கலாம். விடுதியில் சமைத்துத் தரக் கூலி எவ்வளவு என்பதை மீன் வாங்க முன் பேசி வையுங்கள். கூட வருபவர்களில் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத அம்மாமார் இருந்தால் மரக்கறிக்கு வேறு சட்டி என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் மதிப்பார்கள்.

சொந்தக்காரர் பிரச்சினை ஒன்றும் உண்டு. இரண்டு அறை எடுத்த குடும்பத்தைப் பார்க்க ஞாயிறன்று புதுக்குடியிருப்பிலிருந்தும் விசுவமடுவிலிருந்தும் பத்துப் பேர் வந்து இறங்குவார்கள். விடுதிக்காரருக்கு அது தலையிடி, உங்களுக்கு மானப் பிரச்சினை. முன்கூட்டியே "ஞாயிறு மத்தியானம் 15 பேருக்குச் சாப்பாடு, ஆட்கள் பின்னேரம் வரை இருப்பார்கள்" என்று சொல்லி, மண்டபத்திலோ முற்றத்திலோ இடம் கேட்டுவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம்.

இனிக் கடல். கரை சட்டென்று ஆழமாகும் இடங்கள் உண்டு. அலை கரையில் விழுந்து திரும்பும்போது மணலைக் காலடியிலிருந்து உருவும். உயிர்காப்பாளர் நிற்பார் என்று நம்பி இறங்காதீர்கள். இடுப்பளவுக்கு மேல் பிள்ளைகள் போக வேண்டாம், அவர்களுக்குக் கடல் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும், கரைப் பக்கத்தில் அல்ல. வெள்ளை நுரைக்கு நடுவே நுரையில்லாமல் கருமையாக ஒரு பட்டை தெரிந்தால் தண்ணீர் வெளியே போகும் வழி அது. அமைதியாகத் தெரிவதாலேயே ஆட்கள் அங்கே இறங்குகிறார்கள். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி விலகிய பின் திரும்புங்கள். வட்டுவாகல், நாயாறு முகத்துவாரங்களில் குளிக்கவே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று: சோளகக் காற்று வைகாசி முதல் புரட்டாதி வரை நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கடல் குளம் போல இருக்கும். காற்றடித்த மெத்தை, வாத்து, வளையம் எல்லாம் அந்தக் காற்றில் நிமிடங்களில் ஆழத்துக்குப் போய்விடும், பின்னால் நீந்திப் பிடிக்க முடியாது. அவற்றை விடுதியிலேயே வையுங்கள். இறங்க முன் வாடியில் நிற்பவரிடம் "அண்ணை, இண்டைக்குத் தண்ணி எப்பிடி இழுக்குது?" என்று கேட்டால் எந்தப் பலகையையும்விடத் திருத்தமாகச் சொல்வார். அவசரத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸ். மாவட்ட வைத்தியசாலை மாஞ்சோலையில்.

கடற்கரையை விட்டு உள்ளே சுற்றும்போது மண்டையோட்டுப் படமுள்ள சிவப்புப் பலகை எங்கே கண்டாலும் அதற்கப்பால் கால் வைக்காதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூட. முகாம்களைப் படமெடுக்க வேண்டாம். டிரோனுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி தேவை. அது இல்லாமல் பெட்டியைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

பாதை: மாங்குளத்தில் ஏ9 வீதியிலிருந்து திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தன், புதுக்குடியிருப்பு வழி. இந்த வழியில் வட்டுவாகல் பாலம் வரும். பழைய பாலம் ஒரு வாகனம் போகும் அகலம்தான், பெருமழையில் மூடப்படுவதுண்டு. மழைக் காலத்தில் புறப்பட முன் விடுதிக்கு எடுத்துக் கேளுங்கள், அவசியமென்றால் ஒட்டுசுட்டானால் வாருங்கள். திருகோணமலையிலிருந்து வருபவர்கள் வரைபடத்தைப் பார்த்து புல்மோட்டைக்கும் கொக்கிளாய்க்கும் நடுவே குறுக்கே போகலாம் என்று நினைக்கக் கூடாது. அந்த முகத்துவாரத்தைப் படகில்தான் கடப்பார்கள். வாகனம் கரையை விட்டு உட்பக்கப் பாதையால் சுற்ற வேண்டும். கொழும்பு இரவு பஸ் விடிய முன் இறக்கிவிடும், அறையோ மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் தருவார்கள். அரை நாள் காசு கொடுத்து முன்கூட்டியே அறை கேட்பது, பஸ் நிலையத்தில் பிள்ளைகளோடு குந்தியிருப்பதைவிட மேல்.

காசை ரூபாவாகக் கையில் வைத்திருங்கள். நகரில் இலங்கை வங்கி, மக்கள் வங்கி ஏடிஎம்கள் உண்டு, ஆனால் நீண்ட விடுமுறையில் காசு முடிவதும் வெளிநாட்டு வங்கி அட்டையைத் திருப்பித் துப்புவதும் நடக்கும். வெள்ளியன்றே எடுத்துவிடுங்கள். விலை பேசும்போது "எல்லாம் சேர்த்தோ?" என்று கேளுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதமும், வற் வரிக்குப் பதிந்த இடமானால் அதன் மேல் 18 வீதமும் ஏறினால் 10,000 ரூபா அறை 12,980 ஆகிவிடும். பில்லை ஞாயிறு காலையிலேயே கேட்டு வாங்குங்கள்; சாப்பாட்டுக் கணக்கைக் கொப்பியில் கூட்டி முடிக்க அவர்களுக்கு நேரம் வேண்டும். பதினொரு மணி அவசரத்தில் பார்த்தால் சாப்பிடாத இறால் கறி ஒன்று அதில் இருக்கும், சாப்பிட்ட கணவாய் இல்லாமலும் இருக்கும்.

வாகனத்தை நாள் வாடகைக்குப் பிடித்தவர்கள் ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீற்றர், மேலதிகத்துக்கு எவ்வளவு, டிரைவரின் சாப்பாடு யார் பொறுப்பு என்பதைப் புறப்பட முன் பேசி வையுங்கள். ஞாயிறு திரும்பும்போது நாலு மணிக்குள் வெளிக்கிடுங்கள். இருட்டினால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டுப் பாதைகளில் யானை குறுக்கே வரும், மாடுகள் தார் வீதியில் சூட்டுக்குப் படுத்திருக்கும், சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், பெரிய லைற்றைத் தாழ்த்துங்கள், படமெடுக்க யாரும் இறங்க வேண்டாம். அது தானாக விலகும்வரை எஞ்சினை ஓடவிட்டுப் பின்வாங்க இடம் வைத்துக்கொண்டு காத்திருப்பதைத்தான் அந்தப் பாதையில் ஓடும் டிரைவர்மார் செய்கிறார்கள்.