கேப்பர் மலைச் செம்மண் மேட்டுக்கு எந்த மின்சாரச் சைக்கிள்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கேப்பர் மலை மீதுள்ள எங்கள் முந்திரிக் கொல்லைக்கு மின்சாரச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். பின்சக்கரத்துக்குள் மோட்டார் உள்ள ஹப் வகையை இரண்டு ஆண்டுகள் ஓட்டிவிட்டு, சென்ற ஆண்டு பெடல் அச்சில் மோட்டார் உள்ள மிட் டிரைவ் வகைக்கு மாறினேன். மழைக்கால மேட்டுக்கு இதுவே ஏற்றது என்பது என் முடிவு.

விலையில் ஹப் மலிவு. சமதரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால் எதற்கும் பதிவெண்ணோ ஓட்டுநர் உரிமமோ வேண்டாம்.

வேறுபாடு ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியும். மேட்டோரத்துச் செம்மண் கரைந்து தார்ச்சாலையில் படிந்து, அதன்மேல் முந்திரிச் சருகும் ஒட்டிக்கொண்டால், சாலை சவுக்காரம் தேய்த்ததுபோல் ஆகிவிடும். என் பழைய சைக்கிளின் சென்சார், பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டுமே பார்த்தது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பது அதற்குத் தெரியாது. ஏற்றத்தின் நடுவே நின்று மறுபடி மிதித்தால், முதல் அரைச்சுற்றுக்கு மோட்டாரின் உதவியே வராது. பிறகு விசை மொத்தமாக வரும். ஒரு கார்த்திகைக் காலையில் அப்படித்தான் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று முதுகெல்லாம் சேற்றை வாரியடிக்க, உர மூட்டையோடு பக்கவாட்டில் சரிந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன்.

புதிய சைக்கிளின் சென்சார் கால் அழுத்தத்தை அளக்கிறது. டயர் நழுவுவது உள்ளங்காலுக்குத் தெரிந்ததும் காலைத் தளர்த்துகிறேன். மோட்டாரும் உடனே தளர்கிறது. மேலும், விசை கியர் வழியாகப் போவதால், சிறிய கியரில் நடைவேகத்தில் ஏறினாலும் மோட்டார் தனக்கு உகந்த வேகத்தில் சுழல்கிறது. ஹப் மோட்டாரோ அந்த வேகத்தில் மெதுவாகச் சுழன்று, மின்சாரத்தில் கணிசமான பகுதியை வெப்பமாக்கிவிடும்.

இந்தப் பெருமையில் பாதி சென்சாருக்கே உரியது என்பதையும் சொல்ல வேண்டும். அழுத்தம் அளக்கும் சென்சாரோடு ஹப் வகையும் கிடைக்கிறது. அதை நான் சமதரையில் சிறிது தொலைவே ஓட்டியிருப்பதால், மேட்டில் எப்படி என்று உறுதியாகச் சொல்ல இயலாது. முன்சக்கர மோட்டாரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஏற்றத்தில் பாரம் பின்னுக்குப் போய்விடுவதால் அது எளிதில் வழுக்கும். நார்வேயில் இருக்கும் என் தம்பி பனிமேட்டிலும் இதே கதைதான் என்கிறான். அங்கே ஆணி பதித்த டயர் போட்டுக்கொள்கிறார்கள். உறைகுளிரில் சார்ஜ் ஏற்றினால் பேட்டரி கெடும் என்பதால் அதை வீட்டுக்குள் எடுத்துப்போய் வைக்கிறார்கள். நம் சேற்றுக்கு ஆணி உதவாது. அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்வதே பலன் தருகிறது.

மிட் டிரைவுக்குச் செலவு செயினில் வருகிறது. மோட்டாரின் விசை முழுவதும் அதன் வழியே போவதாலும், செம்மண் உப்புத்தாள்போல் அராவுவதாலும், எட்டே மாதத்தில் செயின் மாற்றினேன். மழைநாளில் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் துடைத்து எண்ணெய் விட வேண்டும்; மேடு தொடங்குமுன்பே கியரை மாற்றிவிட வேண்டும்.

ஆனால் கருவேல முள் குத்தினால் கணக்கு மாறிவிடும். ஹப் சக்கரத்தைக் கழற்ற மோட்டார் ஒயரைப் பிரிக்க வேண்டும். “ஒயரு போவுது அண்ணே, நான் கை வைக்கல” என்று பஞ்சர் கடைத் தம்பி ஒதுங்கிவிட, கொளுத்தும் வெயிலில் வீடுவரை தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது அதே தம்பி சாதாரணச் சைக்கிளைப்போலச் சக்கரத்தைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கி, ஒட்டுப்போட்டு மாட்டித் தருகிறார்.