பேராசிரியருடன் வெளிநாட்டுப் படிப்புப் பயணம்: கட்டும் பணத்துக்குத் தகுமா?

ஒரு செமஸ்டர் முழுவதையும் வெளிநாட்டில் கழிக்க முடியாத மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் தரும் மாற்று வழி இது. சொந்தத் துறைப் பேராசிரியரே பதினைந்து, இருபது பேரை அழைத்துக்கொண்டு போவார். இரண்டு வாரம் முதல் எட்டு வாரம் வரை அங்கேயே வகுப்பு நடக்கும். பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் எல்லாம் அவர் பொறுப்பு. பேராசிரியர் மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப்போவது புதிதல்ல: அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைட் 1923இலேயே எட்டு மாணவர்களை பிரான்சுக்குக் கூட்டிப்போனார், ஆனால் அது ஓராண்டுப் படிப்பு. இன்று வணிகவியல் முதல் கடல் உயிரியல் வரை இது இல்லாத துறை குறைவு. சரியான பயணம் அமைந்தால் கட்டும் பணத்துக்கு நிச்சயம் தகும். ஆனால் விளம்பரப் படங்களைப் பார்த்து அது சரியான பயணமா என்று சொல்லிவிட முடியாது. நாள்வாரி அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படித்தால்தான் தெரியும்.

இதன் பெரிய பலம் கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்காகும் பாட அலகு. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனால், அங்கே எடுத்த பாடத்தைத் திரும்பி வந்தபின் துறை ஏற்க வேண்டும். பல இடங்களில் தேர்ச்சி என்று மட்டும் பதிவாகும், மதிப்பெண் சராசரியில் சேராது. பேராசிரியர் நடத்தும் பயணத்தில் அந்தத் தலைவலி கிடையாது. பாடக் குறியீடும் மதிப்பெண்ணும் சொந்தப் பல்கலைக்கழகத்தினுடையவை. அது கட்டாயப் பாடத்துக்கு ஈடாகுமா, வெறும் விருப்பப் பாடமா என்பதை மட்டும் முன்பணம் கட்டுமுன் துறை ஆலோசகரிடம் மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன சம்மதம் பட்டம் வாங்கும் நேரத்தில் உதவாது.

அடுத்து மணிக்கணக்கு. அமெரிக்க முறையில் மூன்று கிரெடிட் என்றால் சுமார் 45 மணி நேர வகுப்பு, அதற்கு இரு மடங்கு சொந்த உழைப்பு. ஈசிடிஎஸ் எனப்படும் ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட்டுக்கு மொத்தம் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மூன்று வாரப் பயணத்தில் வேலைநாள் பதினைந்துதான். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பாடம் நடந்தால்தான் 45 வரும். அதில் வந்து சேரும் நாள், ஊர் மாறும் நாள், திரும்பும் நாள் ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது பதினொன்றோ பன்னிரண்டோ. குறையும் மணியை எங்கே ஈடுகட்டுகிறார்கள் என்று பாருங்கள். புறப்படுமுன் நான்கைந்து வகுப்பு, திரும்பியபின் ஒரு கட்டுரையும் இரண்டு அமர்வும் என்று இருந்தால் நேர்மையான திட்டம். பேருந்தில் போகும் நேரத்தையும் ஊர் சுற்றும் மாலையையும் வகுப்பு என்று கணக்கில் எழுதியிருந்தால், மாணவருக்குக் கிடைப்பது சுற்றுலாவும் ஒரு மதிப்பெண்ணும் மட்டுமே.

அட்டவணையில் பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம், அந்தப் பாடத்துக்கு அந்த இடம் உண்மையிலேயே தேவையா என்பது. பிளாரன்ஸ் நகரில் நடக்கும் கட்டடக்கலைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கட்டடக்கலைஞர் புரூனெல்லெஸ்கி எழுப்பி 1436இல் முடிந்த பேராலயக் குவிமாடம் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டை ஓடு கொண்டது. மேலே போகும் 463 படிகளில் கடைசிப் பகுதி அந்த இரண்டு ஓடுகளுக்கும் நடுவில்தான் ஏறுகிறது. சுவர் சாய்ந்து தோளை உரசும் அந்தச் சந்தில், செங்கல் மீன்முள் வரிசையில் மாறி மாறி நிறுத்தப்பட்டிருப்பதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். கீழிருந்து முட்டுக்கொடுக்காமல் இத்தனை பெரிய குவிமாடத்தை எப்படி எழுப்பினார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த வரிசையில் இருக்கிறது. வகுப்பறைத் திரையில் இது புரியாது. இதே பயணத்தில் காலை முழுவதும் விடுதிக் கூட்ட அறையில் ஸ்லைடு காட்டிவிட்டு, மாலை ‘சுயமாக நகரைக் காணுதல்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பாடத்தை வீட்டிலிருந்தே படித்துவிடலாம்.

இப்படிப்பட்ட இடங்களுக்கு முன்பதிவும் எண்ணிக்கை வரம்பும் உண்டு. குவிமாடத்துக்கு நேரம் குறித்த அனுமதிச் சீட்டு கட்டாயம். கலபகோஸ் தீவுகளில் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவருக்கு 16 பார்வையாளர்தான். இருபது பேர் கொண்ட வகுப்பு அங்கே போனால் இரண்டு வழிகாட்டி வேண்டும், குழு இரண்டாகப் பிரியும், பேராசிரியர் ஒரு குழுவோடுதான் இருப்பார். மற்ற குழுவுக்கு யார் பாடம் சொல்கிறார் என்று அட்டவணையில் இல்லையென்றால் யாரும் சொல்வதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணத்தில் மாணவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. பேராசிரியரின் விமானச் சீட்டு, தங்குமிடம், பேருந்து வாடகை, உள்ளூர் ஏற்பாட்டு நிறுவனத்தின் கூலி ஆகியவை ஆள் எண்ணிக்கையோடு பெரிதாக மாறாத செலவுகள். பெரும்பாலான திட்டங்களில் அவை மாணவர் தலையில்தான் பங்காக விழும். 20 பேருக்குக் கணக்குப் போட்ட பயணத்தில் 12 பேர் மட்டும் சேர்ந்தால், அந்தப் பொதுச் செலவில் ஒருவர் பங்கு மூன்றில் இரண்டு மடங்கு கூடிவிடும். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. அறிவித்த கட்டணம் எத்தனை பேரை வைத்துப் போட்டது? ஆள் குறைந்தால் கட்டணம் ஏறுமா, பயணமே ரத்தாகுமா? ‘திட்டக் கட்டணம்’ என்ற ஒற்றை எண்ணில் கிரெடிட்டுக்கான கல்விக் கட்டணம் அடங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பல இடங்களில் அது தனி. விமானம், விசா, உள்ளூர்ப் போக்குவரத்து, பாதிவேளைச் சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் வெளியே நிற்கும்.

விசாதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. ஒரே வகுப்பில் இருக்கும் இருபது பேரிடமும் ஒரே நாட்டுப் பாஸ்போர்ட் இருக்காது. ஏற்பாட்டு நிறுவனம் பெரும்பான்மையோரை மனத்தில் வைத்து ‘விசா தேவையில்லை’ என்று எழுதிவிடும். பாரிஸ், லண்டன், ஆம்ஸ்டர்டாம் என்று ஒரு பயணம் போகிறது என வையுங்கள். பாரிஸிலிருந்து லண்டன் போனதும் மாணவர் ஷெங்கன் பகுதியை, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதியை, விட்டு வெளியேறிவிட்டார். ஒருமுறை நுழையும் விசாவாக இருந்தால் அது அங்கேயே முடிந்தது, ஆம்ஸ்டர்டாமில் இறங்க முடியாது. எனவே பலமுறை நுழையும் ஷெங்கன் விசா கேட்க வேண்டும், பிரிட்டனுக்குத் தனி விசாவும் எடுக்க வேண்டும். ஷெங்கன் விண்ணப்பம் அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்குப் போக வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாட்டுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில வேளை 45 வரை இழுக்கும். நேர்காணல் நாள் கிடைப்பதே கோடை விடுமுறைக்கு முன் கடினம். பாஸ்போர்ட் பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வேறு பல நாடுகள் ஆறு மாதம் கேட்கும்.

அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பவர் என்றால் இன்னொரு படியும் உண்டு. பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தில் பயணத்துக்கான கையெழுத்து ஓராண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். எஃப்-1 விசா முத்திரையே காலாவதியாகியிருந்தால் திரும்பி வருவதற்கு முன் அதைப் புதுப்பிக்க வேண்டும். இதைப் பேராசிரியர் அறிந்திருப்பார் என்று நம்பிவிடாதீர்கள், பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

குழுவாக எடுக்கும் விமானச் சீட்டு பாதுகாப்பானது, ஆனால் வளையாது. பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தால் திருத்துவது சிரமம். தந்தை பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று குழம்பும் நம் பெயர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. விசா தாமதமானவரால் அந்தச் சீட்டை இரண்டு நாள் தள்ளிப்போடவும் முடியாது.

பயணத்தின் தரத்தைக் கண்டறிய ஒரே கேள்விதான் கேட்கலாம் என்றால் அது இதுதான்: கூட வரும் இரண்டாவது பொறுப்பாளர் யார்? நள்ளிரவில் ஒரு மாணவருக்குக் குடல்வால் வலி என்று வையுங்கள். ஒருவர் மருத்துவமனையில் கூட இருக்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் வாங்க வேண்டும், பெற்றோரிடம் பேச வேண்டும். மறுநாள் காலை எட்டு மணிக்கு மற்ற பத்தொன்பது பேருக்கும் வகுப்பு, மதியம் ரயில். ஒருவரே வந்த பயணத்தில் இந்த இரண்டில் ஒன்று கைவிடப்படும். இரண்டாவது நபர் இன்னொரு ஆசிரியராகவோ, ஊழியராகவோ, அந்த ஊரில் முழுநேரம் இருக்கும் ஒருங்கிணைப்பாளராகவோ இருக்கலாம். பேராசிரியரின் வாழ்க்கைத்துணையைக் கணக்கில் காட்டினால் ஏற்காதீர்கள். அவருக்குப் பயிற்சியும் கிடையாது, பல்கலைக்கழகம் கொடுத்த அதிகாரமும் கிடையாது.

காப்பீட்டில் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ வேண்டும். அது விசாவுக்குப் போதும், எல்லாச் சூழலுக்கும் போதாது. மருத்துவக் காரணத்துக்காக வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும் செலவு, முன்பே இருக்கும் நோய், மனநலச் சிகிச்சை ஆகியவை அடங்குமா என்று பாருங்கள். குடித்திருந்தபோது நேர்ந்த விபத்து, வாடகை ஸ்கூட்டர் விபத்து இரண்டையும் பல காப்பீடுகள் விலக்கிவிடும். மாணவர் பயணங்களில் எலும்பு முறிய இரண்டிலும் வாய்ப்பு உண்டு.

மருந்து விஷயத்தில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும், ஆம்பெடமின் கலந்த அட்டெரால் மருந்தை ஜப்பானுக்குள் மருத்துவர் சீட்டோடும் கொண்டுபோக முடியாது. அங்கே ஒரு மாதத்துக்கு மேற்பட்ட மருத்துவர்சீட்டு மருந்துக்கு யுன்யு ககுனின்ஷோ என்ற இறக்குமதிச் சான்று முன்கூட்டியே வேண்டும். கானாவுக்குப் போகும் பொதுச் சுகாதாரப் பயணம் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும், ஆகவே கடைசி வாரத்தில் போட்டால் பயனில்லை.

குறையும் சொல்ல வேண்டும். மொழி கற்க விரும்புபவருக்கு இந்த முறை ஏற்றதல்ல. சொந்த வகுப்பு நண்பர்களோடு ஒரே விடுதியில் தங்கி, ஒரே பேருந்தில் போய், அதே பேராசிரியரிடம் படிப்பவர் அந்த ஊர் மக்களோடு பேசுவதே அரிது. வீட்டுத் தங்கல், உள்ளூர்ப் பல்கலைக்கழக மாணவர்களோடு கூட்டுச் செயல்திட்டம் என்று ஏதாவது இருந்தால் இந்தக் குறை ஓரளவு தீரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ்+ கல்வித் திட்டம் நடத்தும் கலப்புத் தீவிரப் பயணங்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கின்றன. பல நாட்டு மாணவர்கள் ஒரே குழுவாக, 5 முதல் 30 நாள் நேரிலும் மீதியை இணையத்திலும் படிப்பார்கள், குறைந்தது மூன்று ஈசிடிஎஸ் கிரெடிட் கிடைக்கும். ஓர் ஆண்டோ ஒரு செமஸ்டரோ ஒதுக்க முடிந்தவர்கள் பரிமாற்றத் திட்டத்துக்கே போகலாம். ஆய்வகம், பயிற்சி, வேலை, குடும்பப் பொறுப்பு என்று கட்டுண்டவர்களுக்கும், முதல்முறை கடல் தாண்டத் தயங்குபவர்களுக்கும் இந்தக் குறுகிய பயணமே பொருத்தம்.

முன்பணம் கட்டுமுன் ரத்து விதியைக் கடைசி வரி வரை படியுங்கள். மாணவர் விலகினால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பும், பல்கலைக்கழகமே ரத்து செய்தால் என்ன, பாதியில் திரும்ப நேர்ந்தால் கிரெடிட் என்னாகும் என்று மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். 2020 மார்ச்சில் உலகெங்கும் பயணங்கள் பாதியில் நின்றபோது, ‘பணம் திரும்பும்’ என்று எழுதியிருந்த ஒப்பந்தமும் ‘அடுத்த பயணத்துக்கு வரவு வைக்கப்படும்’ என்று எழுதியிருந்த ஒப்பந்தமும் மாணவர் கையில் வெவ்வேறு முடிவைத் தந்தன. கடைசி ஆண்டு மாணவருக்கு இரண்டாவது வாசகத்தால் ஒரு பயனும் இல்லை. அது இருந்தால் கையெழுத்துப் போடுமுன் மாற்றிக் கேளுங்கள்.