மெட்டு முதல்லயா, வரி முதல்லயா? ரெண்டையும் ஒத்த ஆளா செய்றவனோட கணக்கு

சினிமாவுல இந்தச் சண்டைக்கு ரெண்டு ஆள் இருப்பாங்க. மியூசிக் டைரக்டர் ட்யூனைப் போட்டுக் காட்டுவார், பாட்டு எழுதுறவர் "இங்க ஒரு எழுத்து இடிக்குதே, ஒரு நோட்டு சேத்துக்கலாமா"ன்னு கேப்பார், ஒரு டீ குடிச்சிட்டு ஏதோ ஒரு முடிவுக்கு வருவாங்க. நானே எழுதி நானே மெட்டுப் போட்டு வீட்டு ரூம்ல ஃபேனை ஆஃப் பண்ணிட்டு வேர்க்க வேர்க்க பாடுற ஆளு. எனக்கு அந்த ரெண்டு பேரும் ஒரே மண்டைக்குள்ள உக்காந்திருக்காங்க, டீயும் ஒண்ணுதான். இதுல யாரை முதல்ல பேச விடுறதுன்னு இத்தனை வருஷமா மாத்தி மாத்திப் பார்த்திருக்கேன்.

போன வருஷம் ரெண்டு பாட்டு முடிச்சேன், ஒண்ணு மெட்டு முதல்ல, ஒண்ணு வரி முதல்ல. அதை வெச்சே சொல்றேன்.

முதல் பாட்டு ஏலகிரியில பைக்ல இறங்கும்போது வந்தது. ஹெல்மெட்டுக்குள்ளயே முனகிட்டு வந்து கீழ டீக்கடையில நிறுத்தி போன்ல "தானன தந்தன"ன்னு ரெக்கார்ட் பண்ணி வெச்சேன், பின்னாடி டீ ஆத்துற சத்தம் கேக்கும். இந்த தத்தகாரம் இருக்கே, இது டம்மி மட்டும் இல்ல. திருப்புகழ் புத்தகத்தைத் திறந்தீங்கன்னா நிறைய பதிப்புல பாட்டுக்கு மேலயே சந்தத்தைத் "தத்தன தனதன"ன்னு போட்டிருப்பாங்க, எந்த இடத்துல நெடில், எந்த இடத்துல ஒற்றுன்னு அதுலயே தெரிஞ்சிடும். பீட்டில்ஸ் குழுவோட பால் மெக்கார்ட்னி காலையில எழும்போது கிடைச்ச ஒரு மெட்டுக்கு முட்டைப் பொரியலைப் பத்தி ஏதோ டம்மி வரி போட்டுப் பாடிட்டிருந்தாராம். நம்ம ஊர்ல அதுக்கு முட்டை தேவையில்ல, தானனவே போதும்.

மெட்டு முதல்ல வந்தா என்ன லாபம்னா அதுல ஒரு பறக்குற குணம் இருக்கும். வார்த்தையோட பாரம் இல்லாததால குரல் எங்க வேணா ஏறும், பல்லவி தானா மேல தூக்கும், ரெண்டு தடவை கேட்டவன் மூணாவது தடவை கூடவே முனகுவான். பிரச்சனை அதுக்கப்புறம்தான். பல்லவி ஆரம்பத்துல முதல் நோட்டு ரெண்டு பீட்டு நிக்கும், அதுல "மலை மேல நிக்கிறேன்"னு எழுதிட்டேன். எழுதும்போது அழகாத்தான் இருந்துச்சு. ரஃப் மிக்ஸை ஃப்ரெண்டுக்கு அனுப்பினா "ஏண்டா மாலை மேல நிக்கிற, ஏதாவது கல்யாண வீட்டுப் பாட்டா"ன்னு கேக்குறான். குறிலை ரெண்டு பீட்டுக்கு இழுத்தா அது நெடில், அவ்வளவுதான். மலை மாலையாகும், படம் பாடமாகும், கொடு கோடாகும். இங்கிலீஷ்ல பாடுறவங்களுக்கு எந்த வார்த்தையையும் இழுத்துக்குற சுதந்திரம் நிறைய இருக்கு, தமிழ்ல இழுத்தா அர்த்தமே வேற வீட்டுக்குப் போயிடுது. கடைசியில "பாறை மேல"ன்னு மாத்தினேன். மலையைப் பத்தின பாட்டுல பல்லவியில மலை இல்ல.

சரணத்துல இன்னொரு கூத்து. ஏலகிரி ரோட்டுல 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு புலவர் பேரோ வள்ளல் பேரோ வெச்சிருக்காங்க, அதை வரிசையா பாடணும்னு ஆசை. ட்யூன் ஏற்கெனவே ரெடியா இருந்ததால அது சொன்ன ஆளுங்களுக்குத்தான் இடம். பாரி, காரி, ஓரி மூணு பேரும் தான தான தானன்னு அப்படியே உக்காந்துட்டாங்க. கபிலருக்கு எல்லாமே குறில், நிக்க இடமில்லாம வெளிய போயிட்டார். பாரியோட நெருங்கின சிநேகிதர், அவரை விட்டுட்டு பாரியை மட்டும் உள்ள வெச்சதுல எனக்கு இன்னும் உறுத்தல்.

எல்லாத்தையும் விட பெரிய தொல்லை வரியோட கடைசி நோட்டு. மெட்டு போடும்போது கடைசியில நீட்டி நிறுத்தத்தான் தோணும். நாம பேசுற வார்த்தைங்கள்ல ஏகப்பட்டது காத்து, பாட்டு, வந்து, கேட்டுன்னு குற்றியலுகரத்துல, அதாவது குறுகி ஒலிக்கிற உகரத்துல முடியும். தொல்காப்பியமே அதுக்கு அரை மாத்திரைதான்னு சொல்லிடுச்சு, அந்த அரை மாத்திரையைப் போய் நாலு பீட்டுக்கு இழுத்தா "காத்தூஊஊ"ன்னு ஆம்புலன்ஸ் போற மாதிரி இருக்கும். அதனால கை தானா ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் ஓடுது: நீயே, உயிரே, அன்பே, கண்ணா. சினிமாவுக்கு வெளிய வர்ற இண்டி பாட்டுல பாதி "உயிரே"ல போய் நிக்குதே, எல்லாருக்கும் அவ்வளவு காதலான்னு நினைச்சிருக்கேன். காதல் இல்ல, கடைசி நோட்டு. அந்தப் பாட்டுக்கு வரி முடிக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு, அதுல ரெண்டு மாசம் "உயிரே"வைத் தவிர்க்கவே போச்சு.

இப்ப ரெண்டாவது பாட்டு, வரி முதல்ல. ரேஷன் கடை க்யூவுல நின்னு போன்ல டைப் பண்ணது:

அரிசி வந்தாச்சா அண்ணே, பருப்பு வந்தாச்சா
கைரேகை எடுக்கலேன்னு கையத் தொடச்சாச்சா

முன்னாடி நின்ன அம்மா சேலைத் தலைப்புல விரலைத் தொடைச்சுத் தொடைச்சு மெஷின்ல வெச்சுப் பார்த்தாங்க, அவங்க பேசினதைக் கொஞ்சம் நறுக்கினேன், அவ்வளவுதான் என் வேலை. வாயில சொல்லிப் பார்த்தா அதுவே ஒரு நடையில ஓடுது, தொடையில தட்டினா தாளம் கிடைக்குது. சிந்துங்கற பாட்டு வகையே இப்படி நடக்குற சரக்குதானே, அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்தைச் சும்மா வாய்விட்டுப் படிச்சாலே கால் ஆடும். பாரதியார் நிறைய பாட்டுக்கு ராகம் தாளம் எல்லாம் தானே குறிச்சு வெச்சிருக்கார், அவருக்கு எழுத்தும் பாட்டும் வேற வேற மேஜையில இல்ல.

வரி முதல்ல வந்தா பொய் கம்மி. யாரும் ரேஷன் கடையில "உயிரே"ன்னு சொல்றதில்ல. மலை மாலை சிக்கலும் இல்ல, குறில் வர்ற இடத்துல குறில் நோட்டுதான் போடுவோம். வார்த்தை ஒண்ணும் தேயாம காதுல விழுது, அம்மாவுக்கு நான் போட்ட பாட்டுலயே முதல் தடவை அர்த்தம் கேக்காம புரிஞ்சது இதுதான். வரி ஒரே நைட்டுல முடிஞ்சுது, மெட்டு நாலு நாள்.

ஆனா அந்த நாலு நாள் மெட்டு எப்படி இருந்துச்சுன்னா, மட்டமா இருந்துச்சு. பேச்சு எவ்வளவு ஏறி இறங்குமோ அவ்வளவுதான் அதுவும் ஏறி இறங்குது, மூணு நோட்டுக்குள்ளயே சுத்துது. நாலு சரணம் எழுதி வெச்சிருக்கேன், நாலும் நல்ல வரி, எதையும் வெட்ட மனசு வரல, பல்லவின்னு தனியா ஒண்ணு எழும்பவே இல்ல. ஸ்பாட்டிஃபைல 30 செகண்ட் தாண்டினாத்தான் அது ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு, என் பாட்டுல 30 செகண்ட்ல பருப்பே வரல. கிடார்ல கார்ட்ஸ் எல்லாம் மாத்திப் பார்த்து, கடைசியில ரெண்டு சரணத்தைத் தூக்கிட்டு "வந்தாச்சா"ங்கற ஒரே வார்த்தையைப் பிடிச்சு அந்த "ச்சா"வை மேல ஏத்தி விட்டேன். ஆகாரம் இல்லையா, எவ்வளவு இழுத்தாலும் தாங்குது. அப்பத்தான் அது பாட்டாச்சு.

ராப் பண்றவங்களுக்கு இந்தக் குழப்பம் பெருசா கிடையாது. பீட்டு இருக்கும், வரி அது மேல ஓடும், நமக்கு இடிக்குற ட் க் ப் எல்லாம் அவங்களுக்கு மிருதங்கம். "கேட்டு, போட்டு, மாட்டு"ன்னு குற்றியலுகரத்தை அடுக்கினா அங்க கைதட்டல் விழும். பொறாமையாத்தான் இருக்கு.

இன்னொரு வழி, எழுதுறதை ஒரு ஃப்ரெண்டுகிட்ட குடுத்துடுறது. தப்பே இல்ல, ரெண்டு மண்டை நல்லதுதான். சட்டப்படி மெட்டும் வரியும் தனித்தனிப் படைப்பு, தனித்தனி காப்பிரைட், 2012ல சட்டத்தைத் திருத்தினதுக்கப்புறம் எழுதினவங்களுக்கும் மெட்டுப் போட்டவங்களுக்கும் ராயல்டில பங்கு உண்டு. அதனால யாருக்கு எவ்வளவுன்னு முதல் நாளே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து போட்டுக்கோங்க, பாட்டு ஹிட்டானப்புறம் பேசிக்கலாம்னு விட்டா ஃப்ரெண்டும் போயிடுவான். எனக்கு என்னவோ ரெண்டு வேலையும் ஒருத்தரே செய்றதுல ஒரு ருசி இருக்கு. பாபநாசம் சிவன் மாதிரி ஆளுங்களை வாக்கேயக்காரர்னே சொல்லுவாங்க, வாக்கும் அவரோடது, இசையும் அவரோடது. அந்த லெவல் எங்க நாம எங்க, ஆனா வேலை அதேதான்.

எது பெஸ்ட்னு கேட்டீங்கன்னா, மெலடி பாட்டுக்கு மெட்டு முதல்ல, கதை சொல்ற பாட்டுக்கு வரி முதல்லன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. நான் வரி பக்கம்தான். மெட்டு முதல்ல போட்ட என் பாட்டுங்களை இப்ப கேட்டா ட்யூன் இன்னும் பிடிக்குது, ஆனா நான் என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே தெரியல. மொத்த வரியும் முதல்ல எழுதுறதில்ல இப்ப. ஒரே ஒரு வரி, யாராவது பேசினதா இருக்கணும், அதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அதுலேர்ந்தே மெட்டை எடுக்குறேன், அப்புறம் மிச்சத்துக்கு தானன போட்டுக்குறேன்.

இப்ப கையில ஒரு பாட்டு இருக்கு. காலி வீட்டைப் பத்தினது. பல்லவி "பூட்டு"ன்னுதான் முடியணும், கடைசி நோட்டு நாலு பீட்டு. "பூட்டே"ன்னு பாடினா பூட்டைக் கூப்பிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. நேத்து நைட்டு அந்த நீட்டலைத் தூக்கி "பூ" மேல வெச்சிட்டு "ட்டு"வை பீட்டுக்கு முன்னாடியே டக்குன்னு முடிச்சுப் பார்த்தேன், நிஜமாவே பூட்டு விழுற சத்தம் மாதிரி விழுந்துச்சு. ரெண்டாவது வரி இப்ப இடிக்குது.