ஜிப்ஸியா, பழைய தாரா, எம்எம்540 ஜீப்பா? காட்டுப்பாதை வண்டிக்கு எதை வாங்குவது

பழைய ஃபோர் வீல் டிரைவ் ஒன்றை வாங்கிக் காட்டுப்பாதைக்கு ஏற்றபடி மாற்றிக்கட்ட நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது இன்ஜினைத்தான். எத்தனை குதிரைத்திறன், டீசலா பெட்ரோலா, டர்போ இருக்கிறதா? நான் முதலில் குனிந்து பார்ப்பது முன் சக்கரங்களுக்கு நடுவே. அங்கே ஒரே துண்டாக இரும்பு ஆக்சில் குறுக்கே ஓடுகிறதா, இல்லை இரண்டு பக்கமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பா என்பதில்தான் பின்னால் ஆகப்போகும் செலவு இருக்கிறது. இன்ஜினில் இழுவை குறைந்தால் லோ கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனிக் கியர் நிலை) ஓரளவு ஈடுகட்டிவிடும். முன்பக்க அமைப்பு ஒத்துவராத வண்டியில் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஒரே துண்டு ஆக்சிலில், பாறைமேல் ஏறும் சக்கரம் மேலே போகும்போது எதிர்ச் சக்கரம் பள்ளத்துக்குள் அழுத்தப்படுகிறது. இரண்டும் தரையைவிட்டு விலகாமல் இருக்க அது உதவும். இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் வீடும் சக்கரங்களோடு சேர்ந்தே உயர்வதால் அதன் அடியில் உள்ள இடைவெளி பெரிதாக மாறாது. தனித்தனி அமைப்பில் தார்ச்சாலைச் சொகுசு நிச்சயம் அதிகம். ஆனால் வண்டி அமுங்கும்போது நடுப்பகுதி தரையை நோக்கி இறங்கிவிடும். வண்டியை உயர்த்தினாலோ முன் ஆக்சில் தண்டுகளின் கோணம் கூர்மையாகி, ரப்பர் பூட் கிழிந்து மூட்டுகள் சீக்கிரம் தேயும். மாற்றிக்கட்டுவது என்றாலே பெரும்பாலும் உயர்த்துவதும் பெரிய டயர் போடுவதும்தான் என்பதால் இந்த வேறுபாடு பெரிது.

இந்தக் கண்ணோடு பார்த்தால், நம் ஊர்ச் சந்தையில் முதலில் நிற்பது மாருதி ஜிப்ஸி. 1985 இறுதியில் 970 சிசி இன்ஜினும் நான்கு கியரும் கொண்டு வந்தது. 1993-இல் இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டினார்கள். 1996-இல் 1.3 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும் கொண்ட ஜிப்ஸி கிங் வந்தது. 2000 வாக்கில் அதே 1.3 லிட்டர் 16 வால்வு எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்) ஆகி 80 குதிரைத்திறனைத் தொட்டது. 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோனது. வாங்குவதானால் 2000-க்குப் பிந்தைய எம்பிஎஃப்ஐ கிங்தான் என் பரிந்துரை. கார்புரேட்டர் வண்டிகள் விலை குறைவு என்பதற்காக அவற்றின் பக்கம் போக வேண்டாம். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி சாய்ந்து நிற்கும்போது கார்புரேட்டர் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் மாறி இன்ஜின் திணறும். இன்ஜெக்‌ஷனில் அந்தத் தொல்லை இல்லை.

ஜிப்ஸியின் சொத்து அதன் எடை. ஏறத்தாழ ஒரு டன்தான். மஹிந்திராவின் பழைய எம்எம்540 ஜீப் அதைவிட நன்றாகவே கனம். மஹிந்திரா தாரின் சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல்) வகை ஒன்றேமுக்கால் டன்னை நெருங்கும். சேற்றில் புதைந்த ஜிப்ஸியை நாலு பேர் சேர்ந்து அசைத்துப் பார்க்கலாம், தாரை அப்படி முடியாது. எடை குறைந்தால் வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி) சிறியதாகப் போதும், கயிறும் கொக்கியும் சிறியதாகப் போதும், ஆக்சிலுக்கு வரும் அடியும் குறையும். மாற்றிக்கட்டுகிறவர்கள் இரும்புப் பம்பர், கூண்டு, ஜெர்ரி கேன், கூரை ரேக் என்று நூறு இருநூறு கிலோவைச் சாதாரணமாக ஏற்றிவிடுகிறார்கள். கனமான வண்டியில் அது மேலும் சுமை. ஜிப்ஸியில் அதன் ஒரே பெரிய பலத்தையே விற்றுவிடுவதற்குச் சமம். கோவாவில் 2014 முதல் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில் மாற்றிக்கட்டிய ஜிப்ஸிகளை நிறையப் பார்க்கலாம். 80 குதிரைத்திறன் வண்டி அங்கே எடுபடுவதற்கு எடையே முக்கியக் காரணம்.

இன்னொரு வசதி, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனிப் பெட்டியாக நடுவில் தொங்குகிறது. லோ கியர் விகிதத்தை மாற்ற விரும்பினால் அந்தப் பெட்டியை மட்டும் இறக்கி வேலை செய்யலாம். சுஸுகியின் இந்த வண்டி உலகம் முழுக்கச் சமுராய் போன்ற பெயர்களில் ஓடியதால், இதற்கான கியர் செட்டுகளும் லாக்கர்களும் (ஒரு ஆக்சிலின் இரு சக்கரங்களையும் சேர்த்துச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டுகள்) வெளிநாடுகளில் பல பத்தாண்டுகளாக விற்பனையில் உள்ளன.

குறைகளையும் சொல்ல வேண்டும். இழுவை 103 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் இன்ஜின் நன்றாகச் சுற்றினால்தான் கிடைக்கும். அதனால் டயர் அளவில் ஆசை கூடாது. கம்பெனி டயர் 205/70 ஆர்15. விட்டம் சுமார் 26.3 அங்குலம். 30 அங்குல டயர் போட்டால் ஆக்சிலுக்கு அடியில் கூடுதலாகக் கிடைப்பது 4.7 சென்டிமீட்டர். அதற்குக் கொடுக்கும் விலை, சக்கரத்தில் கிடைக்கும் இழுவையில் நூற்றுக்குப் பன்னிரண்டு. ஏற்கெனவே மெலிந்த இன்ஜினுக்கு இது பெரிய நஷ்டம். கியரை மாற்றாமல் அந்த டயருக்குப் போகாதீர்கள். 215/75 ஆர்15 அளவிலேயே நல்ல முரட்டுப் பட்டன் டயர் போட்டால் நம் ஊர் எஸ்டேட் பாதைகளுக்குப் பெரும்பாலும் போதும். அப்புறம், லீஃப் ஸ்பிரிங்கை (இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில்லை) ஆக்சிலுக்கு மேலே மாற்றி ஏற்றும் வேலை. மலிவாக நாலைந்து அங்குலம் உயரும் என்பதால் பட்டறைகளில் இது பிரபலம். ஆனால் ஸ்டியரிங் தண்டின் கோணத்தைத் திருத்தாமல் இதைச் செய்தால், மேடு பள்ளத்தில் வண்டி தானாகவே திசை விலகும். ஸ்டியரிங் வேலையையும் சேர்த்துச் செய்துதராத பட்டறையில் வண்டியை விடவே கூடாது.

அடுத்தது தார். 2020 அக்டோபரில் வந்த புதிய தாரை இங்கே நான் சொல்லவில்லை. 2010 முதல் அதுவரை ஓடிய பழைய வடிவத்தைத்தான் சொல்கிறேன். சிஆர்டிஇ வகையில் 2.5 லிட்டர் டர்போ டீசல், 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர். ஜிப்ஸியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இழுவை! ஆக்சிலேட்டரைத் தொடாமலே லோ கியரில் ஏற்றத்தில் நகரும். நெடுஞ்சாலையில் ஏசி போட்டுக்கொண்டு வால்பாறைவரை போய், அங்கிருந்து எஸ்டேட் பாதையில் இறங்கி, அதே வண்டியில் ஊர் திரும்ப வேண்டும் என்கிறவருக்கு ஜிப்ஸி தண்டனையாகிவிடும். தார் அப்படியில்லை.

ஆனால் அதன் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கினால் வில்லாக வேலை செய்யும் கம்பி) வைத்த தனித்தனி சஸ்பென்ஷன். விற்கிறவர் 'ரெண்டு இன்ச் தூக்கியிருக்கோம்' என்றால், அந்த டார்ஷன் பாரைத் திருகி உயர்த்தினார்களா என்று கேளுங்கள். அப்படிச் செய்தால் நிற்கும் உயரம் கூடும். சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் அதே அளவுக்குக் குறையும். பள்ளத்தில் சக்கரம் தரையை எட்டாமல் அந்தரத்தில் சுற்றும். பார்வைக்கு உயரமான வண்டி, பாதையில் முன்பைவிட மோசமான வண்டி. முன்பக்கத்தைப் பிடுங்கிவிட்டு முழு ஆக்சில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வேலைதான், ஆனால் அந்தச் செலவில் இன்னொரு பழைய ஜீப்பே வந்துவிடும்.

2015-இல் வந்த மாற்றத்தில் தாருக்குப் பின்னால் ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் கிடைத்தது. இரண்டு பின் சக்கரங்களின் சுழற்சி வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தரத்தில் தொங்கும் சக்கரம் வீணாகச் சுற்ற, தரையில் நிற்கும் சக்கரம் சும்மா இருக்கும். ஃபோர் வீல் இருந்தும் வண்டி நகராததற்கு இதுவே வழக்கமான காரணம். அதனால் தார் வாங்குவதென்றால் 2015-க்குப் பிந்தையதை மட்டும் பாருங்கள். உயர்த்தாமல், நல்ல டயரும் முன்னும் பின்னும் உறுதியான இழுவைக் கொக்கிகளும் மட்டும் சேர்த்து ஓட்டுங்கள்.

பழைய தாரில் பலர் கவனிக்காமல் விடும் வகை ஒன்று உண்டு: டிஐ என்ற எளிய டீசல் இன்ஜின் வைத்த ஃபோர் வீல். 63 குதிரைத்திறன் என்பதால் ஒதுக்கிவிடுகிறார்கள். ஏசி இல்லை, வேகமும் இல்லை. ஆனால் சிஆர்டிஇ-யில் இல்லாத லீஃப் ஸ்பிரிங் வைத்த முழு முன் ஆக்சில் இதில் இருக்கிறது! 182 நியூட்டன் மீட்டர் இழுவை லோ கியருக்குத் தாராளம். எலக்ட்ரானிக்ஸ் தொல்லையும் குறைவு. டூ வீல் டிஐ-தான் சந்தையில் அதிகம் என்பதால், பேர் ஒன்றுதானே என்று ஏமாந்துவிடக் கூடாது. முன் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். மாற்றிக்கட்ட நல்ல டிஐ ஃபோர் வீல் ஒன்று கிடைத்தால், அதே விலைக்கு வரும் களைத்துப்போன சிஆர்டிஇ-யைவிட அதையே நான் எடுப்பேன்.

எம்எம்540 இந்த வரிசையில் மூத்தது. பெஜோ உரிமத்தில் செய்த 2.1 லிட்டர் டீசல், முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளையும், இடுக்கி ஏலத்தோட்டங்களில் ஓடும் வண்டிகளையும் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலையோர ஊர்களில் இதைப் பிரித்து மாட்டத் தெரியாத மெக்கானிக் அபூர்வம். தோட்டத்துக்கு உரமும் ஆளும் ஏற்றிப் போகவும் வேண்டும், எப்போதாவது பாதை ஓட்டவும் வேண்டும் என்றால் இதுவே சரி. பாதை ஓட்ட மட்டும் என்றால் நான் ஜிப்ஸிக்கே திரும்புவேன். எடை ஒரு காரணம், பிரேக் இன்னொரு காரணம், இத்தனை வருடத்தில் இந்த ஜீப்புகள் பட்ட பாடு மூன்றாவது. பலவற்றின் பாடி உள்ளூர்ப் பட்டறையில் புதிதாக அடித்தது. சிலவற்றில் மைலேஜுக்காக முன் ஆக்சிலையே கழற்றி டூ வீல் ஆக்கியிருப்பார்கள். சேஸை வெட்டிக் குட்டையாக்கி ஒட்டியவையும் உண்டு. வெல்டிங் தழும்பு தெரிந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

மாருதி ஜிம்னியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023-இல் வந்த ஐந்து கதவு ஜிம்னியில் காயில் ஸ்பிரிங் வைத்த முழு ஆக்சில்கள், லோ கியர், 1.2 டன் எடை என எல்லாம் பிறக்கும்போதே சரியாக அமைந்திருக்கின்றன. 2590 மில்லிமீட்டர் வீல்பேஸ் (முன் பின் சக்கர இடைவெளி) என்பதால் மேட்டு முகட்டில் வயிறு தட்டும், அவ்வளவுதான் குறை. கையில் பணம் இருக்கிறது, பட்டறையில் காத்துக்கிடக்கப் பொறுமை இல்லை என்றால் இதை வாங்கிக் குறைவாக மாற்றுங்கள். ஃபோர்ஸ் குர்காவில் முன்னும் பின்னும் கம்பெனி டிஃப் லாக் இருப்பது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் அது சின்ன வண்டி என்ற கணக்கில் வராது.

காகித விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்சி-யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடைவிதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. முன்பக்கத்தில் காப்புக்காக மாட்டும் கனமான இரும்பு புல் பார் 2017 இறுதியிலிருந்தே கூடாது. ஆகவே கழற்றி மாட்டக்கூடிய மாற்றங்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. வேறு வகை இன்ஜின் ஏற்றிய ஜிப்ஸியை யாராவது ஆசைகாட்டினால், இன்ஜின் எண் ஆர்சி-யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் 15 வருடப் புதுப்பிப்புக்குப் போகும் நாளில் அது உங்கள் தலைவலி. ராணுவ ஏல வண்டிகளுக்கும், ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் உதிரி சேர்த்துக் கட்டிய ஜீப்புகளுக்கும் இதே எச்சரிக்கைதான். தில்லி பகுதியில் 10 வயது தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கட்டுப்பாடு வந்ததால் அங்கிருந்து மலிவாக வருகிற தார்களைப் பார்க்கலாம். என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி எல்லாம் சேர்த்த பிறகு விலையை ஒப்பிடுங்கள்.

எந்த வண்டியானாலும் பார்க்கப் போகும்போது பழைய உடையோடு போய்க் கீழே படுங்கள். சேஸில், குறிப்பாகப் பின் ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸோடு இணைக்கும் துண்டு) மாட்டியிருக்கும் இடத்தில், புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். சின்னச் சுத்தியலால் தட்டினால் துரு உண்ட இடத்தில் சத்தம் மந்தமாக வரும். ஜிப்ஸியின் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் சக்கரம் இடம் வலம் திரும்ப உதவும் கிங்பின் பேரிங் போயிருக்கலாம். வேகத்தில் ஸ்டியரிங் உதறுவதற்கு அது ஒரு காரணம். பிறகு மண் தரையில் ஃபோர் வீல் போட்டு, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, இரண்டு பக்கமும் மெதுவாக வட்டமடியுங்கள். முன்னாலிருந்து டக் டக் என்று வந்தால் ஆக்சில் மூட்டு தேய்ந்திருக்கிறது. தார்ச்சாலையில் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே சக்கரம் சறுக்க வழியில்லாமல் மொத்த அமைப்பும் இறுகிக்கொள்ளும். லோ கியர் விழுந்து, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைச் சட்டென விடும்போதும் வெளியே துள்ளாமல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். இத்தனையும் தேறினால் விலை பேசலாம். மொத்தக் கையிருப்பில் பாதிக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மீதியில் முதலில் பிரேக், பேரிங், ஆயில் சீல். அடுத்து டயரும் இழுவைக் கொக்கியும். பிறகு பின் லாக்கர். உயர்த்தும் வேலை இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.