வியாசர்பாடி மின்சாரப் பேருந்து: வண்டி ஒன்று, முதலாளி இரண்டு

வண்டியைப் பற்றி முதலில். அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய 120 மின்சாரப் பேருந்துகளும் தாழ்தளம், ஏசி இல்லாதவை. ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். எம்.கே.பி. நகரிலிருந்து கிளாம்பாக்கம் போகும் 170டிஎக்ஸ் மாதிரி நீள ரூட்டில்தான் இதன் அருமை தெரியும். கியர் மாற்றும் குலுக்கல் கிடையாது, எஞ்சின் சூடு காலில் அடிக்காது, மூலக்கடை சிக்னலில் வண்டி நிற்கும்போது கண்டக்டர் கத்தாமலே ஸ்டாப் பெயர் காதில் விழும். முட்டி வலிக்காரர்களுக்கு ஏறுவதும் இறங்குவதும் சுலபம். ஆனால் டிரைவர் வண்டியைத் திட்டை ஒட்டி நிறுத்தினால்தான் அது. ஆட்டோ நிற்கும் ஸ்டாப்பில் ஒன்றரை அடி தள்ளி நிறுத்தினால் தாழ்தளத்தின் பாதிப் பயன் போச்சு.

நின்றுகொண்டு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே மோட்டார் பின்னால் இழுக்கும். அந்த இழுப்பில்தான் பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்புகிறது. டீசல் வண்டியில் வருடக்கணக்காகப் பழகிய டிரைவர், காலைச் சட்டென்று எடுப்பார். நிற்கிறவர்கள் முன்னால் சாய்வார்கள். சார்ஜ் முழுசாக இருக்கும்போது, அதாவது காலையின் முதல் நடையில் (டிரிப்பில்), பேட்டரி மின்சாரத்தைத் திரும்ப வாங்காது. அதனால் இழுப்பும் குறைவு, பிரேக் பிடிப்பும் வேறு மாதிரி. ஒரே டிரைவர் காலையில் ஒரு மாதிரியும் மத்தியானம் ஒரு மாதிரியும் ஓட்டுவதாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். கம்பியைப் பிடித்தே நில்லுங்கள். சீட் கிடைத்தால் பின் சக்கரத்துக்கு மேலே இருப்பதை விடுங்கள், கால் மடங்கும்.

மழைக்காலம் தனிக் கதை. தரை தாழ்வாக இருப்பதால், கணேசபுரம், ஜீவா ஸ்டேஷன் பக்கம் தண்ணீர் நின்றால் உயரமான பழைய வண்டி இறங்கிப் போகிற ஆழத்தில் இதை இறக்குவது புத்திசாலித்தனம் அல்ல. வடகிழக்குப் பருவமழையில் ரூட் மாறும் என்று எதிர்பார்த்துக் கிளம்புங்கள்.

கட்டண விஷயத்தில் ஒன்றே ஒன்று: பெண்களுக்கான இலவச விடியல் பயணம் சாதாரணக் கட்டண வண்டிக்குத்தான். புது வண்டி, பளபளப்பு என்று பார்த்து முடிவு செய்யாமல் முன் பலகையைப் பார்த்து ஏறவும்.

இனி, வெளியே தெரியாத பகுதி. முன்னால் ஸ்டியரிங் பிடிப்பவர் தனியார் ஆபரேட்டரின் ஆள். பின்னால் டிக்கெட் கிழிப்பவர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பக்கம். கண்டக்டர் ஹோல்டான் சொன்னால் டிரைவர் நிறுத்துகிறார். ஆனால் அந்த டிரைவருக்கு மெமோ கொடுக்க வேண்டியவர் உட்கார்ந்திருப்பது வேறு கம்பெனியில். வண்டியும் பராமரிப்பும் அந்தக் கம்பெனியுடையதே. கழகம் ரூட்டைக் கொடுக்கிறது, டிக்கெட் பணத்தை எடுத்துக்கொள்கிறது, ஓடிய கிலோமீட்டருக்கு வாடகை தருகிறது. மொத்தச் செலவு ஒப்பந்தம் என்று பெயர். டிப்போவில் ஜிசிசி என்றால்தான் தெரியும். ஏசி இல்லாத வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 77 ரூபாய் 16 காசு, ஏசி வண்டிக்கு 80 ரூபாய் 86 காசு, 12 வருட ஒப்பந்தம். நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் ஏசி இல்லாத ஒரு வண்டிக்கு 15,432 ரூபாய். வண்டி நிரம்பி வழிந்தாலும் அதேதான், காலியாகப் போனாலும் அதேதான்.

இங்கேதான் பழைய டிரைவருக்கும் புது டிரைவருக்கும் நடுவில் கோடு விழுகிறது. கழக டிரைவருக்கு, கண்டக்டரைப் போலவே, கலெக்‌ஷனில் பேட்டா உண்டு. ஸ்டாப்பில் ஓடிவரும் நாலு பேருக்காக அரை நிமிஷம் நிற்பதில் அவருக்கும் நாலு காசு. ஒப்பந்த வண்டியில் கலெக்‌ஷன் ஆபரேட்டருக்கே சம்பந்தமில்லாத கணக்கு. அங்கே மீட்டர் கிலோமீட்டரில் ஓடுகிறது. இதை டிரைவரின் குணமாகப் பார்ப்பது தப்பு, காசு வரும் வழி அப்படி. நெரிசலில் நடை குறைந்தால் நஷ்டம் யார் தலையில் என்பதுதான் இந்த மாதிரி ஒப்பந்தங்களில் முதலில் வெடிக்கும் தகராறு. நடை விட்டால் அபராதம், அழுக்கு வண்டிக்கு அபராதம் என்று எழுதுவது சுலபம். கண்டெய்னர் லாரி வரிசையை யார் பெயரில் எழுதுவது?

சீனியாரிட்டி இன்னும் ஆழமான புண். டிப்போவில் நல்ல ரூட், காலை ஷிப்ட், ஞாயிறு ஓய்வு எல்லாம் சர்வீஸ் பார்த்துக் கிடைப்பவை. பதினைந்து வருடம் ஓட்டி ஒருவர் பிடித்த ரூட் மின்சார வண்டிக்குப் போனால், அவர் வேலை போகாது, ஆனால் அவர் இடம் போகும். அவருக்குத் தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவில் போட்ட ஊதிய ஒப்பந்தம் இருக்கிறது. 15-ஆவது ஒப்பந்தம் 2025 மே மாதம் 6 சதவீத உயர்வோடு வந்தது. பக்கத்து வண்டியில் அதே எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில், அதே வெயிலில் ஓட்டுபவருக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்கிற 1981-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தை டிப்போவில் எல்லோரும் விரல் விட்டு எண்ணுவார்கள். ஆனால் ஒப்பந்ததாரர் ஆளின் நாள் கணக்கு கழகத்தின் புத்தகத்தில் ஏறுவதில்லை. சிஐடியு போன்ற சங்கங்கள் எதிர்த்தது மின்சாரத்தை அல்ல, இந்தப் புத்தகத்தை.

அமெரிக்க விமான நிறுவனங்களில் இதே கூத்து 1980-களிலிருந்து நடக்கிறது. வாலில் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் என்று வண்ணம் அடித்திருக்கும். காக்பிட்டில் இருப்பவர் ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் மாதிரி ரீஜனல் கம்பெனியின், அதாவது பெரிய கம்பெனிக்காகச் சின்ன விமானம் ஓட்டித் தரும் கம்பெனியின் பைலட். டிக்கெட் பணம் பெரிய கம்பெனிக்கு, ஓட்டியதற்கான கூலி சின்னக் கம்பெனிக்கு. நம்ம ஜிசிசியேதான், கிலோமீட்டருக்குப் பதில் பறக்கும் மணிக் கணக்கு. அங்கே பெரிய கம்பெனி பைலட் சங்கங்கள் ஒரு வேலி போட்டு வைத்தன: ரீஜனல் வண்டியில் 76 சீட்டுக்கு மேல் கூடாது, எடை 86,000 பவுண்டு தாண்டக் கூடாது. அதற்குப் பெயர் ஸ்கோப். ரீஜனல் பைலட்டின் கண்ணில் அதே வேலி அவர் தலைக்கு மேல் போட்ட கூரை. பதினைந்து வருட கேப்டன் பெரிய கம்பெனிக்கு மாறினால் பட்டியலின் கடைசி நம்பர். பழைய வருடங்கள் கணக்கில் சேராது. 2001-க்குப் பிறகு யுஎஸ் ஏர்வேஸ் ஆட்குறைப்பு செய்தபோது, வெளியே போன பைலட்டுகளுக்கு ரீஜனல் ஜெட்களில் இடம் ஒதுக்க ஏற்பாடு வந்தது. கீழே கேப்டன் சீட்டுக்குக் காத்திருந்தவர்களின் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரம் அருகே விழுந்த 3407 விமானத்தில் கான்டினென்டல் என்ற பெரிய கம்பெனியின் பெயர் இருந்தது. ஓட்டியது கோல்கன் ஏர் என்ற ரீஜனல் கம்பெனி. 50 பேர் இறந்தார்கள். பைலட்டுகளின் களைப்பும், ரீஜனல் கம்பெனிகளின் சம்பளமும் பயிற்சியும் அதன் பிறகுதான் பொதுமக்கள் பேச்சில் வந்தன. துணை பைலட்டுக்கும் 1,500 மணி நேர அனுபவம் என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. பெயின்ட் யாருடையது என்பதைத்தான் பயணி பார்க்கிறார், லெட்டர்ஹெட் யாருடையது என்பதை அல்ல.

வியாசர்பாடியில் ஸ்கோப் மாதிரி வேலி இல்லை. முதல் சுற்றுத் திட்டமே பெரும்பாக்கம், பூந்தமல்லி, தண்டையார்பேட்டை எல்லாம் சேர்த்து ஐந்து பணிமனைகளில் 625 வண்டி. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் சொந்த ரீஜனல்களான என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ பைலட்டுகளுக்கு வரிசைப்படி மேலே வர ஒரு வழி திறந்து வைத்திருக்கிறது. அந்த மாதிரி வாசலும் இங்கே கிடையாது. ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் ஓட்டினாலும் கழகத்துக்குத் தேர்வாகி வந்தால் முதல் நாள் முதல் நாள்தான். சேவையின் ஆகப்பெரிய குறை இதுதான் என்று சொல்வோம். நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டவருக்கு இங்கேயே இருக்க ஒரு காரணம் வேண்டாமா? அவர் போய்விட்டால், சட்டென்று காலை எடுக்கும் இன்னொருவர் வந்து உட்காருவார்.

பயணிக்குச் செய்ய இருப்பது கொஞ்சம்தான். புகார் என்றால் 149. ரூட் நம்பர் மட்டும் சொன்னால் பயனில்லை; வண்டியின் பதிவு எண், ஸ்டாப், நேரம் மூன்றும் வேண்டும். டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள். ஓட்டிய விதத்தைப் பற்றிய புகாரா, டிக்கெட், சில்லறை பற்றியதா என்று முதல் வாக்கியத்திலேயே பிரித்துச் சொல்லுங்கள். இரண்டும் போகிற மேஜை வேறு. கலந்து சொன்னால் நடுவில் தொங்கும்.

டிரைவர் பேட்ஜ் வைத்திருக்கும் பையன்கள் இந்த வேலைக்குப் போவதாக இருந்தால் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: நியமனக் கடிதத்தில் எந்தக் கம்பெனி பெயர், ஆபரேட்டரா அதற்கும் கீழே ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சியா? பி.எஃப். கணக்குக்கான யுஏஎன் நம்பர் முதல் மாதமே கிடைக்குமா? சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டு அட்டை எப்போது? எட்டு மணி நேர வேலையை எத்தனை மணி நேரத்துக்கு இழுத்து ஸ்பிரெட் ஓவர் போடுவார்கள், நடுவில் படுக்க ரெஸ்ட் ரூம் உண்டா? கண்ணாடி, பம்பர் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களா, எவ்வளவு வரை? கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் வந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள்.